அனுமதிக்கு உட்பட்டது

பஞ்சுத் தலை வைத்த ஒரு கருவியை
என் மேசையில் நிறுத்திவிட்டு
அரைமணி நேரம் காத்திருந்தார் அளக்க வந்தவர்.
அந்த அரைமணியும்
பெயாட் பேனாவை அழுத்தவில்லை.
ரெகுலா தொலைபேசியைத் தொடவில்லை.
"ஐம்பத்தொரு டெசிபல்" என்றார்,
"அனுமதிக்கு உட்பட்டதுதான்."
கருவியை உறைக்குள் இட்டு மூடினார்.
டிக்.
டிக்டிக்.
டிக்.

விண்டர்தூர். மூன்றாம் மாடி. பதினெட்டு மேசை.
காப்புறுதிக் கோரிக்கைகள்:
குழாய் வெடித்த வீடுகள், ஆலங்கட்டி விழுந்த கார்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட எண்.
எண்ணின் நடுவில்
ரெகுலாவின் நாய்க்குச் சிறுநீரகம் பழுது.
அந்தச் சிறுநீரகம் பற்றி இப்போது
மருத்துவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும்.
நாலை ஏழென்று எழுதி
யாரோ ஒரு கிழவரின் கூரையை
மூவாயிரம் பிராங்குக்கு அதிகமாய் நனைத்துவிட்டேன்.

இதற்கு முதல் பதினொரு வருசம்
ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் நின்றவள் நான்.
உருளைகள் உறுமும், நீராவி சீறும்,
பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் வாய் மட்டும் அசையும்.
காதில் கொஞ்சம் அங்கேயே போனது, உண்மை.
ஆனால் அந்த இரைச்சலுக்கு
என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.
அது தன்பாட்டில் இரைந்தது.
நான் என்பாட்டில்
சீட்டுக்காசு, மகளின் பல்லுக்கம்பி,
ஒருவனுக்குச் சொல்லாமல் விட்ட பதில்
எல்லாவற்றையும் நினைத்து முடித்தேன்.

இங்கே வந்த புதிதிலும் குறையில்லை.
அவர்கள் பேசும் சுவிஸ் ஜெர்மன்
தகரத்தில் விழும் மழை.
பிறகுதான் புத்தி கெட்டு
இரண்டு குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போனேன்.
முதலில் மழைக்குள் ஒரு 'நேற்று' கேட்டது.
பிறகு ஒரு 'அவளா?'
பிறகு முழு முழு வாக்கியமாய் ஒழுகத் தொடங்கியது,
வாளி வைக்க இடமில்லை.

நாலு மணிக்குக் கழுத்து கல்லாகிறது.
வீட்டில் மகள் கரண்டி வைத்தாலும் எரிந்து விழுகிறேன்.
"என்னம்மா நடந்தது?"
பேனா என்றா சொல்வது?

ஒரே ஆறுதல்,
என் தமிழ் இங்கே எல்லாருக்கும் மழை.
அதனால்தான் அன்று
பாரிசிலிருந்து அண்ணி அழைத்தபோது
வெளியே எழுந்து போகவில்லை.
இருந்த இடத்தில், சாதாரணக் குரலில்,
"எத்தினை மாசமாம்?" என்றேன்.
"அண்ணனுக்குச் சொல்லியாச்சோ?" என்றேன்.
பெயாட் பேனாவை அழுத்தினான்.
ரெகுலா தன் தொலைபேசிக்குள் சிரித்தாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம்
திங்கட்கிழமை வந்து சேர்ந்த பயிற்சிப் பையன்
தட்டச்சை நிறுத்தியிருந்தான்.
தடுப்பில் செருகியிருந்த அவன் பெயரை
அப்போதுதான் வாசித்தேன்:
எல். குகனேசன்.

கொஞ்சம் கழித்து
ஒவ்வொரு விசையாக, சத்தம் எழாதபடி,
விரல் வைத்தான்.

மாலையில் அவன் கோப்பு என் திரைக்கு வந்தது.
நாலு இருக்கவேண்டிய இடத்தில் ஏழு.
திருத்தினேன்.
யாருக்கும் சொல்லவில்லை.