இருபத்தாறாயிரத்து முந்நூறு

நயினார்குளம் மார்க்கெட்டில் விடியக்காலம் நாலரைக்கு
சாக்கு விழும் சத்தத்துக்கு நடுவில்
தராசைக் கவிழ்த்து
ஈயப் பொட்டில் முத்திரை குத்துவது என் வேலை.
வருஷத்தின் எண், காலாண்டின் எழுத்து.
சுத்தியல் ஒரே அடி.
இன்னொன்று அடித்தால் எழுத்து நசுங்கும்.

விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் ஒரே கிலோ.
அந்தக் கிலோ யாருடையது என்று
இந்த இருபது வருஷத்தில்
ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆடியில் கோர்ட்டிலிருந்து தாள் வந்தது.
சின்ன வெங்காய மண்டி சொரிமுத்து மீது
இலாகா போட்ட வழக்கு, இரண்டாயிரத்து எட்டு.
அந்த வருஷத்துப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

பதிவேடா?
மார்கழி வெள்ளத்தில் ஆறு ஆபீசுக்குள் வந்து
கீழ்த்தட்டு வரை வாசித்துவிட்டுப் போனது.
காகிதம் ஊறி, இட்லி மாவாகக் கிடந்தது.

கம்ப்யூட்டரில் இருந்தது.
திறந்தால் கட்டம் கட்டமாக,
கேள்விக்குறி கேள்விக்குறியாக,
நடுவில் அநாதையாக ஒரு ‘ஸ்ரீ’.
அந்த மென்பொருளை விற்ற கம்பெனி
எப்போதோ கடையைக் கட்டிவிட்டது.
தன் வீட்டு மரக்காலால் நம் நெல்லை அளந்து
நம் பத்தாயத்திலேயே போட்டுப் பூட்டி
சாவியோடு ஊரை விட்டுப் போன ஆள்.

மேலப்பாளையத்துக்கு போன் போட்டேன்.
மதார் முகைதீன், அன்றைக்கு என் உதவியாளர்,
இப்போது மருமகன் ஜவுளிக் கடையில் கல்லா.
“எனக்குத் தந்த மெஷினுக்கு சாஃப்ட்வேர் வாங்க
காசு சாங்ஷன் ஆவல மேடம்.
ஓசில கெடச்சத போட்டுத்தான் ஒரு காப்பி அடிச்சேன்.
டி டிரைவ்ல ‘சும்மா’ன்னு ஒரு ஃபோல்டர் கெடக்கும் பாருங்க.”

சும்மா கிடந்தது.
புது மெஷினுக்கு அதையும் படிக்கத் தெரியவில்லை.
கோப்பின் வாலை வெட்டி
ஜிப் என்று ஒட்டிப் பார்த்தேன்.
பொட்டலம் அவிழ்ந்தது.
உள்ளே கிடந்த ஒன்றை நோட்பேடில் திறந்தால்
கூர் அடைப்புக்குறிகளின் முள்வேலிக்குள்
தமிழ், தமிழாகவே நின்றது:
சொரிமுத்து, வெங்காய மண்டி,
நூறு கிலோ தராசு, முத்திரை சரி.

எப்படி என்று தேடினேன்.
இந்தப் பொட்டலத்தை இப்படித்தான் கட்ட வேண்டும்,
இப்படித்தான் அவிழ்க்கலாம் என்று
ஒளிக்காமல் எழுதிவைத்து
நாடுகள் ஓட்டுப் போட்டு
இரண்டாயிரத்து ஆறில் ஒரு எண் கொடுத்திருக்கின்றன.
இருபத்தாறாயிரத்து முந்நூறு.

“சர்வே நம்பரா மேடம்?” டிரைவர் இசக்கிப்பாண்டி.
புறம்போக்கோட சர்வே நம்பர்னு வச்சுக்கிடுங்க.
“பட்டா யார் பேர்ல?”
யார் பேர்லயும் இல்ல.
“அப்ப எவனாவது வளச்சிருவானே.”
ரெண்டே வருஷத்துல ஒரு பெரிய கம்பெனி
பக்கத்துலயே இன்னொரு நம்பர் வாங்கிருச்சு.
அது வேற பஞ்சாயத்து.

வேலிக்குள் இன்னும் கீழே இறங்கினேன்.
ஐப்பசி, திடீர்ச் சோதனை. இருநூறு கிராம் குறைவு. வழக்கு.
அதற்கும் கீழே,
யாரும் கேட்காத ஒரு வரியை
மதார் முகைதீன் அடித்து வைத்திருந்தார்:
சோதித்த இலாகா எடைக்கல், இருபது கிலோ.
அதன் சொந்தச் சரிபார்ப்பு
தேதி கடந்து ஏழு மாதம்.
சோதித்த அதிகாரி: ஆ. சங்கரவடிவு.

என் பேர்தான்.
வேலைக்குச் சேர்ந்து ஐந்தாம் வருஷம்.
புது ஜீப், புது சுத்தியல்,
மண்டி முழுக்கக் கேட்கிற குரல்.
சொரிமுத்து அன்றைக்குக் கேட்டார்:
“ஒங்க கல்ல யாரும்மா நிறுத்தா?”
அதையும் மிரட்டல் என்று எழுதினேன்.

கட்டங்களும் கேள்விக்குறிகளும்
பதினேழு வருஷம் என்னைக் காப்பாற்றியிருக்கின்றன.

இரண்டு பிரதி அச்செடுத்தேன்.
இசக்கிப்பாண்டி ஒன்றை வாங்கிப் படித்தார்,
விரல் வைத்து, வரி வரியாக.
“பூட்டியே கெடந்திருக்கலாமோ மேடம்?”

கெடந்திருக்கலாம்.
வண்டிய எடுங்க. பத்தரைக்குக் கோர்ட்டு.