எடுத்துக்கொடுப்பவள்

மேடையின் முன்விளிம்பில் ஒரு பெட்டி.
உள்ளே நான், ஒரு விளக்கு, நாடகப் பிரதி,
முழங்காலைச் சுற்றிக் கம்பளி.
ஸெகெட் நகரத்து அரங்கில்
அடுத்தவர் மறதியில் சம்பளம் வாங்குகிறவள்.

பதினோரு வருஷம்.
வெண்டெலின் தடுமாற்றங்கள் எனக்கு மனப்பாடம்.
மூன்றாம் அங்கம், ஜன்னலோரம்,
'அந்தக் கடிதத்தை நான் எரிக்கவில்லை'
என்பதற்குச் சற்று முன்னால்
அவர் இடது கை கோட்டுப் பொத்தானைத் தேடும்.
தொட்டால் எனக்கு வேலை.
நாலு சொல்லை மூச்சின் எடையில் அனுப்புவேன்.
முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது.

பனிக்காலத்தில் ஒரு புட்டி வந்தது,
கிளீவ்லாந்திலிருக்கும் மைத்துனர் அனுப்பியது.
வின்போசெட்டின்.
சீட்டில் ஒரு நீல மூளை,
சுற்றிலும் புனிதர் படத்து ஒளிவட்டம்.
"நம்ம புடாபெஸ்டில் பிறந்த சரக்கு, எதெல்கா!
இங்கே டாக்டர் எழுதித் தரணும்.
அங்கே ஓட்ஸ் பொட்டலத்துக்குப் பக்கத்தில்
அடுக்கி வைத்திருக்கிறார்களாம்.
கடல் தாண்டிப் போய்க்
கடல் தாண்டித் திரும்பியிருக்கிறது, பார்."

அரங்கின் பின்முற்றத்தில்
குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால்
அதன் மூலச்செடி கேட்பாரில்லாமல் படர்ந்து கிடக்கிறது.
நித்தியகல்யாணிக்கு ஒன்றுவிட்ட உறவு, குளிர் தாங்கும்,
சின்ன நீலப்பூ.
நடிகர்கள் சிகரெட் அணைப்பது அதன் மேல்தான்.

ஒரே சிக்கல்.
மாத்திரை போட அவருக்கு மறந்துபோகிறது.
"இடைவேளையில் நீ ஞாபகப்படுத்து" என்றார்,
சிரிக்காமல்.
நாற்பத்தாறாம் பக்கத்து ஓரத்தில்
பென்சிலால் குறித்துக்கொண்டேன்: வெ. மாத்திரை.

ஐந்து வாரத்தில் பொத்தானுக்கு விடுதலை.
கடிதம் தானாகவே எரியாமல் நின்றது.
நான் வாயைத் திறந்தபடி இருந்தேன்,
தபால் விழாத பெட்டி.
மேலாளர் கணக்கு நோட்டை மூடாமலே சொன்னார்,
"எடுத்துக்கொடுக்க ஆள் வைக்காத அரங்குகளும்
இருக்கத்தான் செய்கின்றன."

திட்டம் என்று எதுவுமில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்தைக்
கொஞ்சம் வேகமாகப் புரட்டினேன், அவ்வளவுதான்.
வியாழனும்.
பிறகு குறிப்பை அழித்தேன்,
ரப்பர் துகளை ஊதினேன்.

பன்னிரண்டு காட்சிகள், ஒன்றும் ஆகவில்லை.
பதிமூன்றாவதில், கடிதத்தில் அல்ல,
முதல் அங்கத்தில்
மகளைக் கூப்பிடும் இடத்தில் நின்றுவிட்டார்.
கை பொத்தானுக்குப் போகவில்லை.
கண் என் விளக்குக்கு வந்தது.
இத்தனை வருஷத்தில்
அவர் கீழே பார்த்ததே இல்லை.

"கிங்கா" என்றேன்.

அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைப் போல
சூட்டோடு வாங்கிக்கொண்டார்.
எனக்குள் ஒருத்தி கைதட்டினாள்.
அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

மாத்திரை நின்றதாலா?
அன்று அவருக்கு ஜலதோஷம்,
மதியம் மருமகனோடு தகராறு என்றும் கேள்வி.
மருந்துக்கடைப் பெண்ணிடம் பொதுவாக விசாரித்தேன்.
"சிலருக்குப் பலன், சிலருக்கு வெறும் பழக்கம்,"
தோளைக் குலுக்கிவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இன்று இடைவேளை.
கண்ணாடி முன் வெண்டெல் மீசை ஒட்டுகிறார்.
புட்டி பவுடர் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது,
எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை.
கதவருகே தண்ணீர்த் தம்ளரோடு நிற்கிறேன்.
சொல்ல வேண்டியது ஒரே சொல்.
எனக்கு எடுத்துக்கொடுக்க ஆளில்லை.

முதல் மணி அடித்துவிட்டது.
"கோந்து இன்னும் காயவில்லை,
கொஞ்சம் பொறு" என்கிறார்.