தலையணைக்கு அடியில் ஊர்

மஞ்சள் காமாலை இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு
ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆபிசர்ஸ் லைன் கடைக்குப் போனோம்.
சட்டைப் பையில் இம்தியாஸ் என்று பேட்ஜ் குத்திய பையன்
நான்கு பெட்டிகளைக் கண்ணாடி மேல் அடுக்கினான்.
அவன் உதடு ஓடிய ஓட்டத்தில்
"சவுண்ட்" மட்டும் எனக்குப் பிடிபட்டது.
பக்கத்து அறையில் ஊசி விழுந்தாலும் கேட்குமாம்.
பரசு அதை விரலில் சொல்லிவிட்டுச் சிரித்தான்.
எங்கள் வீட்டில் பக்கத்து அறை என்பது
அடுப்பு மேடை.

எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும்
பையன் வாயை அகலத் திறந்து பேச ஆரம்பித்தான்.
எல்லோரும் செய்வதுதான்.
அகலத் திறந்தால் சொல் கிழிந்துபோகும்.

கேமரா வைத்தது ஒன்பதாயிரம்.
இருட்டிலும் பச்சையாகப் படம் காட்டும்.
படம் பார்க்க நான் விழித்திருக்க வேண்டும்.
விழித்திருந்தால்
குழந்தையையே பார்த்துவிட்டுப் போகிறேன்.
இன்னொன்று காலில் மாட்டும் உறை,
நாடித்துடிப்பை எண்ணி போனுக்கு அனுப்பும்.
வேலூர் கத்திரியில், பதினெட்டு நாள் காலுக்குக் கம்பளியா?
விளக்கு மினுக்குவதும் இருந்தது.
நான் சுவரைப் பார்த்துத் தூங்குகிறவள்.

பையன் உள்ளே போனான்.
வெகு நேரம் கழித்து
தூசி தட்டிக்கொண்டே ஒரு பழைய பெட்டியோடு வந்தான்.
இட்லி அளவில் ஒரு வட்டம், நீளமாக ஒரு வயர்.
என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
தள்ளி நின்று கைதட்டினான்.

கைக்குள் ஒரு தவளை துள்ளியது.

இரண்டாயிரத்து எண்ணூறு.
பரசு மனசுக்குள் ஓவர்டைமைக் கழித்துப் பார்ப்பது
அவன் புருவத்தில் தெரிந்தது.
வாங்கிவிட்டோம்.

அன்றே அவனுக்கு ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் நைட் ஷிப்ட்.
பதினொன்று பத்துக்குத் தலையணை உதறியது.
பாய்ந்து எழுந்தேன்.
பிள்ளை விரல்களை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.
பன்னிரண்டு நாற்பதுக்கு மறுபடி.
இரண்டு இருபதுக்கு ஒரு நிமிஷம் முழுக்க விடாமல்.
அவன் புரளக்கூட இல்லை.

மெஷின் கெட்டுப்போச்சு, நாளைக்கே திருப்பிக் கொடு
என்று அனுப்பினேன்.
எத்தனை மணிக்கு அடித்தது என்று கேட்டான்.
சொன்னேன்.
ஒவ்வொன்றாகப் பதில் வந்தது:
கோமளா வீட்டு மோட்டார்.
நாய், இல்லாவிட்டால் கீழ்வீட்டு தாமோதரன் இருமல்.
இரண்டு இருபது கூட்ஸ் வண்டி.

கழிஞ்சூருக்கு வந்து ஐந்து வருஷம்.
வண்டி போவது தெரியும், தரை சொல்லும்.
ஆனால் அது ஊதும் என்று,
தூங்குகிற ஊரின் மேல்
இவ்வளவு நேரம் ஊதும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
தாமோதரனை எத்தனை முறை படிக்கட்டில் பார்த்திருக்கிறேன்.
நல்ல ஆரோக்கியமான மனிதர் என்று நினைத்திருந்தேன்.

பின்பக்கம் ஒரு சக்கரம் இருக்கிறது, ஐந்து புள்ளி.
இரண்டில் வை, பிள்ளை மட்டும்தான் வரும் என்றான்.
இரண்டில் வைத்துப் படுத்தேன்.
தெரு இல்லாமல் போயிற்று.
எழுந்து மூன்றுக்குத் திருப்பினேன்.
சும்மாதான்.

நாலு மணிக்கு விட்டுவிட்டு அதிர்ந்தது.
இது மோட்டார் இல்லை.
ரவிக்கை நனைந்தது அதற்கு முன்பா பிறகா
இப்போது சரியாக நினைவில்லை.
எடுத்து அணைத்துக்கொண்டேன்.
அவன் பற்றிக்கொண்டான்.
வட்டம் அடங்கியது.

மைக்கை அவன் தலைமாட்டிலிருந்து எடுத்து
மடியில் வைத்துக்கொண்டு
சக்கரத்தை ஐந்து வரை திருப்பினேன்.
வட்டத்தைக் கன்னத்தோடு அழுத்தினேன்.
மிகச் சின்னதாக ஏதோ வந்தது.
நின்றது. வந்தது. இரண்டு சேர்ந்து வந்தது.

ஒற்றைக் கையால் தட்டி அனுப்பினேன்:
மணி 4.12. பால் குடிக்கிறான்.
இது என்ன சத்தம்?

கட்டிங் மெஷின் முன்னால் நிற்பான்,
போன் லாக்கரில் இருக்கும்.
விடிகிறது.
இன்னும் ஒற்றை டிக்தான்.