இருபத்திநாலு எஃப்

தக்காளிப் பெட்டி ஆயிரத்து எழுநூறுக்குப் போன ஆனி மாசம்
மாரண்டஹள்ளி மண்டியிலிருந்து வந்தவர்
வண்டிச் சாவியைக்கூட ஆணியில் மாட்டாமல் சொன்னார்:
"அந்தமான் போலாம்."
நகையை மீட்கலாம் என்பார் என்று
அடகுச் சீட்டைத் தேடி எடுத்து வைத்திருந்தேன்.
முந்தானைக்குள் மடித்துக்கொண்டேன்.

கல்யாணமாகிப் பதிமூணு வருஷம்.
நாலு பேரும் சேர்ந்து ராத்தங்கிய வெளியூர்
தர்மபுரி பெரியாஸ்பத்திரி மட்டும்,
சின்னவனுக்கு டெங்கு வந்தபோது.

ஹர்ஷினி மண்டிச் சீட்டின் பின்னால் தீவு வரைந்தாள்.
ஆமை, கப்பல், பச்சைக்கு மேல் பச்சை.
தாளைத் திருப்பினால்
கமிஷன், இறக்குகூலி, அழுகல் கழிவு மூணு பெட்டி.

ஆதாரில் நான் மாதம்மா.
ரேஷன் கார்டில் மாதம்மாள்.
பாஸ்புக்கில் மாதம்மாள் சென்றாயன்.
டிக்கெட் போடும் பையன் கேட்டான்,
"இதுல எந்த அக்கா பறக்கப் போறீங்க?"
ஒரு 'ள்'ளுக்காகப் பாலக்கோட்டுக்கு இரண்டு நடை.

அங்கே ரூம் வைத்திருப்பவர் தமிழ்தான், பரமக்குடிப் பக்கம்.
இவர் போன் போட்டு
வாடகை கேட்கவில்லை, கடல் எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை.
"அங்க தக்காளி கிலோ என்ன?"
"கப்பல்ல வருதுண்ணே, நூத்தி இருபது."
அதற்கப்புறம் இரண்டு நாள் சாப்பாட்டில் மனசில்லை.
அத்தனை தூரம் தண்ணீர் மேல் போயும்
எப்படி நசுங்காமல் போகிறதாம்.

மாடுதான் பெரிய பேச்சுவார்த்தை.
என் கை படாவிட்டால் பால் இறக்காது, உதைக்கும்.
கொழுந்தன் மகன் திம்மராஜ்
என் பழைய நைட்டியை மேலே மாட்டிக்கொண்டு
ஒன்பது நாள் கறந்து பழகினான்.
பத்தாம் நாள் மாடு அவனையும் நம்பியது.
ஐந்து நாள் பால்காசு அவனுக்கு, தவிடு எங்கள் செலவு.
கொட்டகையில் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து
சிரித்தேன்தான்.
உள்ளே வந்து ஏனோ கொஞ்சம் கோபமாகவும் இருந்தது,
மாட்டின் மேல்.

சின்னவன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.
போனை எதிரே பிடித்து
வாயை மூடிச் சிரித்துப் பழகிக்கொண்டிருந்தான்.
எங்கள் போர்த் தண்ணீர் அவன் பல்லில் விட்டுப்போன பழுப்பு.
படத்தில் வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் பல் வெள்ளை.
"கடலுக்குள்ள போறப்ப வாயில குழாய் வெச்சுடுவாங்கடா,
யாருக்கும் பல்லே தெரியாது" என்றாள் அக்கா.
அப்போதுதான் கேட்டான்,
"ஆமை கடிக்குமா?"

ஆடி பிறந்தது. பெட்டி இருநூற்றுப் பத்து.
பறிகூலிக்கு ஆகாதென்று
கடைசிப் பறிப்பைச் செடியிலேயே விட்டார்.
ராத்திரி டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.
ரத்து செய்தால் திரும்புவது
நாலு மூட்டை உரத்துக்குக் காணாது.
அதை இரண்டு தடவை சத்தமாகச் சொன்னார்.
இரண்டாம் தடவை சொன்னபோது
போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம்தான் கவனித்தோம்.
மூணு சீட்டு ஒரே வரிசையில்.
நாலாவது
மூணு வரிசை தள்ளி, அந்தப் பக்க ஓரம், ஜன்னல்.
"நான் போய்க்கிறேன்" என்றார்.
"எனக்குத்தான் ஜன்னல்" என்றான் சின்னவன்.
"அம்மா பயப்படும்" என்றாள் இவள்.

நான் உட்காருகிறேன் என்றேன்.
தோசை திருப்பிக்கொண்டே சொன்னதால்
யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.
இரண்டு மணி இருபது நிமிஷமாம்.
யாரும் தண்ணீர் கேட்க மாட்டார்கள்.
சார்ஜர் எங்கே என்று கேட்க மாட்டார்கள்.
மாடு கத்தினாலும் கேட்காது.

அடகுச் சீட்டை அரிசி டப்பாவில் போட்டுவிட்டு
இன்னும் எத்தனை நாள் என்று
காலண்டரில் எண்ணினேன்,
மாவுக் கையோடு.