முதுகில் ஒரு கார்

சங்கிலி மாட்டும் முன்
நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வேன்.
பழைய கீறலுக்கு நான் பொறுப்பில்லை.
அதற்குள் பெள்ளிராஜ்
கைக்குட்டையால் பானட்டை இரண்டு முறை துடைத்துவிட்டார்.
காய்ச்சல்காரன் நெற்றியை அப்படித்தான் துடைப்பார்கள்.

படுக்கப்போகும் மாடு
பின்னங்காலை மட்டும் முதலில் மடித்தது போல
இடது பக்கம் சாய்ந்து நின்றது கார்.
"ஏர் சஸ்பென்ஷன்" என்றார்,
நோயின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால்
பாதி குணமாகிவிடும் என்பது போல.

கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்கு
எட்டாயிரத்து ஐந்நூறு கேட்டேன்.
எட்டாயிரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த
கால் மணி நேரம் பேசினார்.

பிறகு அரவேனு தாண்டும்வரை பேச்சில்லை.
லாரி முன்சீட்டில் உட்கார்ந்து
ஒவ்வொரு வளைவுக்கும்
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான்:
பூண்டு கிலோ நானூறைத் தொட்ட வருஷம் வாங்கினேன்.
ஒரு டாக்டர் ஓட்டின வண்டி.
புதுசோட விலையில் மூணில் ஒரு பங்கு.
"ஆனா பாருங்க,
வண்டி செகண்ட் ஹேண்டுன்னு
ஸ்பேர் பார்ட்ஸுக்குத் தெரியாதே."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

டயர் ஒன்று முப்பத்தெட்டாயிரம்.
பச்சைத் தேயிலை கிலோ பத்தொன்பது,
அப்போ ரெண்டாயிரம் கிலோ.
ஓர் ஆள் நாளைக்கு இருபத்தைந்து கிலோ பறித்தால்
எண்பது நாள்.
"எண்பது நாள் பறிச்சா ஒரு சக்கரம் உருளும்."

என் மனைவி முப்பது கிலோ பறிப்பாள்.
சொல்லவில்லை.

சமவெளிக்காரன் ஒரு செட் பிரேக் பேடில்
ஊரைச் சுற்றி வந்துவிடுவான்,
இந்த ரோட்டில் அது சாக்பீஸ் மாதிரி கரையும் என்றார்.
போன மார்கழி உறைபனியில் பேட்டரி படுத்தது.
அது எழுந்த வாரம்
கதகதப்பாக இருக்கட்டும் என்று எஞ்சினுக்குள் குடிவந்த எலி
ஒயரைக் கடித்தது.
எலிக்கு மட்டும் எழுபதாயிரம்.
பில்களை உரமூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்.
வீட்டுக்காரிக்குத் தெரியும்.
தெரியும் என்பதை
அவளும் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள்.

"வித்துடலாமே."

குஞ்சப்பனையில் பலாப்பழ வாசனை
கண்ணாடி இடுக்கு வழியே உள்ளே வந்து
எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தது.
கொஞ்ச தூரம் அதுவும் கூடவே வந்தது.

"அந்தக் கதவு சாத்துற சத்தம் கேட்டிருக்கீங்களா?
தொப்புன்னு ஒண்ணு. அவ்வளவுதான்.
அப்புறம் மழை கேக்காது.
கேரட் விலை கேக்காது.
ராத்திரி ஷெட்டுக்குப் போயி ஏறி உட்கார்ந்துக்குவேன்.
பத்து நிமிஷம்.
ஓட்டறதில்ல. ஓட்டுனா செலவு."

அவினாசி ரோட்டுக் கண்ணாடி மாளிகையில்
அவருக்கு காபி கொடுத்தார்கள்,
எனக்கும் கொடுத்தார்கள்.
டை கட்டிய பையன் கைப்பலகையில் விரலைத் தேய்த்து
மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்றான்,
வரி தனி.
பெள்ளிராஜ் பேரம் பேசவே இல்லை.
காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்,
பரீட்சையில் கடைசியாக எழுந்த பையன் போல
பேனாவை மூடி, பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

கடைசி பஸ் போய்விட்டது.
"மேலே போறீங்கதானே?"

என் லாரிக் கதவு மூன்றாவது அடிக்குத்தான் சாத்தும்.
சாத்திய பிறகும் எல்லாம் கேட்டது:
காற்று, தவளை,
பின்னால் காலிப் பலகையில் உருண்டு புரளும் சங்கிலி.
ஐந்தாவது வளைவில் அவர் தலையைச் சாய்த்தார்,
வைத்தியம் பார்த்துப் பழகியவர் அல்லவா.

"கியர் மாத்தறப்போ அது என்ன சத்தம்?"

"கிளட்ச்" என்றேன்.
"ஆறு மாசமா இருக்கு."

கொஞ்ச நேரம் இருவரும்
அதைக் கேட்டுக்கொண்டே மலை ஏறினோம்.