இரண்டாவதா, நான்காவதா

பங்குனிக் கடைசியில்
மண்ணடி மூர் தெருவில் ஐந்து குழாய் சீலன்ட் வாங்கினேன்.
ஐந்தும் கறுப்பு.
ஐந்தின் மேலும் ஒரே சூரியன் படம்,
குறுக்கே ஒரே சிவப்புக் கோடு.
'இதுல எது நிஜமாவே வெயில் தாங்கும்?'
ஜைனுலாப்தீன் பாய் கல்லாவை விட்டு எழவில்லை.
'எல்லாம் தாங்கும்,
கடைக்குள்ள இருக்கிறவரைக்கும்.'

படகு சின்னதுதான், பதினெட்டடி.
ஃபைபர் உடம்பு, விளிம்பு மட்டும் தேக்கு.
பாதி என்னுடையது, பாதி அல்போன்சாவுடையது.
எது யாருடைய பாதி என்ற பேச்சு
செலவு வரும் நாளில் மட்டும் வரும்.
விளிம்பின் மூட்டில் இருந்த பழைய ஒட்டு
வேர்க்கடலைத் தோல் மாதிரி உரிந்து வந்தது.
அடியில் மரம் கறுத்து, ஈரம் குடித்து,
நகம் வைத்த இடத்தில் உள்ளே போனது.

'சிலிக்கோன் போதும்' என்றாள்.
'எங்க வீட்டு வாஷ்பேசின்ல ஆறு வருஷமா இருக்கு.'
வாஷ்பேசினுக்கு யார் வெயில் காட்டினார்கள்?

ஆகவே சோதனை.
ஒரு முழத் தேக்கு, அதில் ஐந்து பள்ளம்.
எண்ணெய் மரம் அது, எளிதில் எதையும் ஒட்டவிடாது.
அசிட்டோன் தொட்டுத் துடைக்கத் துடைக்க
துணி மஞ்சளாகிக்கொண்டே இருந்தது.
பள்ளத்தின் அடியில் ஒட்டாத நாடா ஒன்று.
இதைத்தான் அவளுக்கு விளங்கவைக்க முடியவில்லை.
இரண்டு கரையை மட்டும் பிடித்தால்
இழுபடும், திரும்பி வரும்.
அடியையும் சேர்த்துப் பிடித்தால்
மரம் உப்பிச் சுருங்கும் முதல் நாளே கிழியும்.
'அப்போ முழுசா ஒட்டக் கூடாதுங்கிற.'
இல்லை.
ஆமாம்.
எப்படிச் சொல்வது.

மார்க்கரில் ஐந்துக்கும் பெயர் எழுதி
ராயபுரம் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி மேல்
பலகையைச் சாய்த்து வைத்தேன்.
துணி காயப்போட வந்த கீழ்வீட்டு மீனலோசனி
'என்ன வடகம் இது, இவ்ளோ கறுப்பா?' என்றார்.
கத்திரி வந்தது, போனது,
போன பிறகும் போகாமல் இருந்தது.

ஆடியில் ஏறிப் பார்த்தேன்.
ஓரத்து இரண்டும் சாம்பல் பூத்து மாவாக விரலோடு வந்தன.
நடுவில் இருந்தது சிலிக்கோன்,
ஒரு கரையை விட்டுக் கோபித்துக்கொண்டு எழும்பி நின்றது.
இன்னொன்றில் வெடிப்பு, வெடிப்புக்குள் எறும்பு.
ஒன்று மட்டும் மெத்தென்று,
அழுத்தினால் உள்வாங்கி, எடுத்தால் எழுந்தது.

அதன் தலையில் பெயர் இல்லை.
எதன் தலையிலும் இல்லை.
ஒட்டைத் தின்னப் பதினாறு வாரம் எடுத்த வெயில்
என் கையெழுத்தை
எப்போதோ தின்று முடித்திருக்கிறது.

பில்லைத் தேடினேன். வெறும் வெள்ளைத்தாள்.
வைத்த வரிசை மனப்பாடம், அதில் சந்தேகமில்லை.
ஆனால் தொட்டி கழுவ வந்த பையன்
பலகையை எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறான்.
எந்தப் பக்கம் இடது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?
நடு நடுதான்.
மிச்சம், இரண்டாவதா, நான்காவதா.

மூன்று நாள் அப்படியே போனது.
நான்காம் நாள் மாடிக் கதவைச் சாத்தும்போது
தாழ்ப்பாளில் கறுப்பாக ஒரு கட்டைவிரல்.
என்னுடையது.
இரண்டாவது பள்ளத்தை நிரப்பும்போதுதான்
கீழே சிலிண்டர்காரர் கத்தினார், ஓடினேன்.
வெளிப்பக்கத் தாழ்ப்பாள், நாளெல்லாம் வெயில்.
சுரண்டிப் பார்த்தேன்.
ரேகைகூடக் கலையவில்லை.

அது பாலிசல்ஃபைடு.
விலையில் நான்காவது, நாற்றத்தில் முதலாவது.

நேற்று காசிமேட்டில், ஐஸ் ஆலைக்குப் பின்னால்
வெயில் சாய்ந்த பிறகு போட்டோம்.
நாடாவை அவள்தான் விரித்தாள்,
கரை பிசகாமல், ஒரு வார்த்தை பேசாமல்.
கூடை இறக்கிக்கொண்டிருந்தவர் நின்று பார்த்துவிட்டு
'கட்டுமரத்துக்கு இதெல்லாம் இல்ல, கயிறுதான்' என்று போனார்.

நாலு நாள் யாரும் தொடக் கூடாது என்றேன்.
அல்போன்சா தலையாட்டினாள்,
கட்டைவிரலைத்
துப்பட்டாவில் துடைத்தபடி.