பதினொரு நிமிடம்

செவ்வாய் மாலை நாலு மணிக்கே
லீபாயாவில் இருட்டிவிடும்.
கடற்காற்று டிராம் கம்பிகளைப் பிடித்து உலுக்கும்.
ஆலோசகர் இங்குனாவின் அறையில்
மூன்று நாற்காலிகள் முக்கோணமாக.
நான்காவது எனக்கு, சற்றுத் தள்ளி,
வெளிச்சம் என் கையில் விழும்படி.

வேலை எளிது.
வெல்டாவின் கை அசைந்தால் நான் வெல்டா.
குன்டிஸின் கை அசைந்தால் நான் குன்டிஸ்.
'அவள் சொல்கிறாள்' என்று சொல்லக் கூடாது,
சைகை மொழிபெயர்ப்பில் அது விதி.
ஆகவே ஒரே வாயால்
'உன்னை விட்டு என்றோ போயிருக்க வேண்டும் நான்' என்கிறேன்,
மூச்சு வாங்குவதற்குள்
'போயேன், யார் பிடித்து வைத்தது' என்கிறேன்.
இருபத்தாறு வருடத் தாம்பத்தியம்
இரண்டு பக்கமும் என் தொண்டையில் நின்று
அடித்துக்கொள்கிறது.
இங்குனா என்னைப் பார்த்துத் தலையசைக்கிறாள்.
பிறகு நினைவு வந்து அவர்களைப் பார்க்கிறாள்.

காது கேளாதவர் வீட்டில்
கதவை அறைந்து சாத்திப் பயனில்லை.
குன்டிஸ் விளக்கை அணைப்பான்.
வெல்டாவின் வாக்கியம் பாதியில்
கையோடு இருட்டில் நிற்கும்.
'சமையலறை, படுக்கையறை, மாடிப்படி,
எந்தச் சண்டையிலும் அவனுக்குக் கை நேராக
சுவிட்சுக்குத்தான் போகும்' என்றேன், வெல்டாவாக.
'தீயணைப்பு வண்டியின் விளக்கு மாதிரி
சுழல்கின்றன அந்தக் கைகள்,
கண்ணை மூடினாலும் இமைக்குள்' என்றேன், குன்டிஸாக.
'டாக்டர் கொடுத்த மாத்திரையை
இவன் கழிவறையில் கொட்டினான்.'
'கொட்டினேன்.
அதைப் போட்டால் அவள் விரல் மந்தமாகிறது.
பாதி எழுத்தை விழுங்குகிறாள்.
என்னைத் திட்டக்கூட மறந்துபோகிறாள்.'

இதைச் சொல்லும்போது குரல் பிசகியது.
யாருடைய குரல் என்று
இங்குனா குறிப்பேட்டில் எழுதவில்லை.

வீட்டுப்பாடம் கொடுத்தாள்:
ஒருவர் பேசி முடிக்கும்வரை
மற்றவர் சுவிட்சைத் தொடக் கூடாது.
முதல் வாரம் நான்கு நாள் ஓடியது.
இரண்டாம் வாரம் ஒரு நாள்கூட இல்லை;
இருவரும் அதை ஒரே நேரத்தில்
ஏறக்குறையப் பெருமையாகச் சொன்னதில்
எனக்கு வாய் போதவில்லை.

மூன்றாவது செவ்வாய் புயல்.
துறைமுகப் பக்கம் எங்கோ கம்பி அறுந்து
ஊரே அணைந்தது.
'என்ன சொல்கிறார்கள்?' இங்குனாவின் குரல்.
'தெரியவில்லை.'
அந்த அறையில் முதல்முறையாக நான், நான்.
கேட்கிற காது நாலு இருந்தும்
எங்கள் இருவருக்குத்தான் எதுவும் கேட்கவில்லை.
நாற்காலிக்கால் ஒன்று தரையைக் கீறியது.
கம்பளி எதிலோ உரசியது.
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
இங்குனா கைபேசி வெளிச்சத்தைத் தேடினாள்.
'வேண்டாம்' என்றேன்.
யாருடைய கையும் தராத சொல்.

மின்சாரம் வந்தபோது
அவன் உள்ளங்கை அவள் மடியில் விரிந்து கிடந்தது.
அவளுடைய ஆள்காட்டி விரல் அதன்மேல்
ஏதோ ஒரு எழுத்தின் நடுவில் நின்றிருந்தது.

இருட்டில் பேசவும் வழி இருந்திருக்கிறது.
இத்தனை வருடம்
யாரும் கையை நீட்டவில்லை.

'எங்களோடு பகிர்ந்துகொள்ள விருப்பமா?'
வெல்டா விரலை எடுத்துச் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள்,
தன் மார்பிலிருந்து அவன் மார்புக்கு,
அங்கிருந்து திரும்பத் தன்னிடம்.
'நாங்கள்' என்றேன்
வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து,
'அடுத்த வாரம் சொல்கிறோம்.'

(அடுத்த வாரம் வந்தது மாத்திரைச் சண்டைதான்.
அதைச் சொல்லவே இல்லை.)

கட்டணப் படிவத்தில் ஐம்பது நிமிடம் என்று போட்டேன்.
அடித்து, முப்பத்தொன்பது.
டிராம் ஓடவில்லை, நடந்தே வீடு சேர்ந்தேன்.
ஐவர்ஸ் கணினி முன்னால் இருந்தான்.
'சூப் அடுப்பில்' என்றான், திரும்பாமல்.
ஈரக் கோட்டோடு நின்று
'நான்' என்று ஆரம்பித்தேன்.
அடுத்த சொல்லை
யாருடைய கையாவது தரும் என்று
வாய் காத்திருந்தது.